மேல் வரிசையில் ஒரு குழாய்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சுவரில் துளைகள் இருக்கின்றன. அவற்றை நான்தான் வைத்தேன். வீட்டுக்கு வருகிற யாரும் காப்பி குடித்து முடிப்பதற்குள் அதைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். கொத்தனார் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாரா, எலி ஏறாதா, பாம்பு ஏறாதா, பார்க்க அசிங்கமாக இல்லையா. கேள்விகளின் வரிசைகூட மாறுவதில்லை. நான் சிவில் படித்துவிட்டு ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்வேன். மண்ணுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியே வர வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் அது சுவரைத் தள்ளும். கேட்டுத் தலையாட்டுவார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டே, "இருந்தாலும் ஒரு சட்டி சிமென்டு போட்டு அடச்சிரு மக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

வீடு வேளிமலைச் சரிவில் இருக்கிறது. எங்கள் மனை கீழே. அப்பாவின் அண்ணனான பெரியப்பாவின் விளை, தென்னையும் பலாவும் நிற்கும் தோட்டம், மேலே. இரண்டுக்கும் நடுவில் ஆளுயரத்துக்கும் அதிகமான மண்வெட்டு. அதைத் தாங்கி முன்பு ஒரு கருங்கல் சுவர் நின்றது. அதிலும் துளைகள் இருந்தனவாம். ஒரு துளையில் பாம்புச் சட்டை கிடந்ததைப் பார்த்துப் பெரியப்பா எல்லாவற்றையும் சிமென்டு வைத்துப் பூசிவிட்டார். சில மழைக்காலம் தாங்கிய சுவர் பிறகு நடுவில் வயிறு தள்ளி, ஒரு மத்தியானம் எங்கள் குளியலறைமேல் சரிந்தது. உள்ளே யாரும் இல்லை. பலா வேர் தள்ளிவிட்டது என்றார் பெரியப்பா. திருஷ்டி என்றார்கள் மற்றவர்கள். துளைகளை அடைத்ததால் என்று சொன்னவள் நான் மட்டும்தான். அப்போது எனக்குப் படிப்பு முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

புதுச் சுவரை நான் வரைந்தேன். எங்கள் மனையில், எங்கள் செலவில். பின்னால் ஜல்லி நிரப்பல், நான்கு அங்குல பிவிசி குழாய்கள் இரண்டு வரிசை, ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் சற்றே சாய்வாக, ஜல்லி வராமல் இருக்க உள்வாயில் கம்பி வலை. தண்ணீர் முதலில் கீழ் வரிசை வழியாகத்தான் வடியும். கீழ் வரிசையால் முடியாமல் போனால்தான் மேல் வரிசைக்கு ஏறும். கீழ் வரிசை திறந்திருக்கும்வரை மேல் குழாய்கள் காய்ந்தே கிடக்கும். இதை நான் தண்ணீருக்காகத்தான் கணக்குப் போட்டேன். வேறு யாரோ அதைத் தங்களுக்கான ஏற்பாடாக எடுத்துக்கொண்டார்கள்.

குண்டுக்கரிச்சான். ஆணுக்கு மேலெல்லாம் மினுங்கும் கறுப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை. ஆணிடம் கறுப்பு இருக்கும் இடமெல்லாம் பெண்ணிடம் சாம்பல். அம்மா அதை வாலாட்டி என்பாள். புத்தகங்களில் வாலாட்டி வேறு பறவை. ஆனால் இது வாலைத் தூக்கித் தூக்கி நிறுத்துகிற திமிரைப் பார்த்தால் அம்மாவைத் திருத்தத் தோன்றவில்லை.

மாசி முடியும்போது ஆண் டிஷ் கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து விடிவதற்கு முன்பே பாடத் தொடங்கியது. நல்ல பாட்டு, நீளமான பாட்டு, ஒரே அடியைத் திரும்பப் பாடாத பாட்டு. பாடாத நேரத்தில் என் ஸ்கூட்டரின் கண்ணாடியில் தெரியும் இன்னொரு ஆணோடு சண்டை போட்டது. கண்ணாடிமேல் ஒரு பழைய காலுறையை மாட்டிய பிறகுதான் வேறு வேலை பார்த்தது. இதற்கிடையில் பெண் வீடு பார்த்துக்கொண்டிருந்தது. கீழ் வரிசையில் ஒவ்வொரு குழாயாக எட்டிப் பார்த்தது, ஒன்றிலும் தங்கவில்லை. ஈரம், பூனைக்கு எட்டும் உயரம், நடைபாதை பக்கத்தில். காரணங்களை நான் அதன் சார்பில் எழுதிக்கொண்டேன். மேல் வரிசையில் கிழக்கு ஓரக் குழாய்க்குள் போய் உடனே வெளியே வந்தது. காலை வெயில் நேராக அடிக்கும் இடம் அது. கடைசியில் பலாக்கிளையின் நிழல் விழும் குழாய்க்குள் போனது, வெகுநேரம் வரவில்லை. மறுநாள் தென்னை நாரோடு வந்தது.

காய்ந்த புல், நூல் போன்ற வேர், அம்மா சீப்பில் இருந்து எடுத்துச் சுருட்டி எறிந்த முடி. கட்டியதெல்லாம் பெண். ஆண் காவல் என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்து, "இவிய வீட்டுலயும் அப்பிடித்தான்" என்றாள்.

முந்திய வருடம் நானே ஒரு கூட்டுப்பெட்டி செய்து பலாமரத்தில் மாட்டியிருந்தேன். இணையத்தில் எடுத்த வரைபடம். துளையின் விட்டம், தரையில் இருந்து உயரம், கூரையின் சாய்வு, எல்லாம் அளவுப்படி. குளிர்தேசத்துக் குருவிக்கு எழுதிய அளவு அது. பங்குனி வெயிலில் உள்ளே விரலை வைத்தால் சுட்டது. இப்போது அதில் முசிறு எறும்பு குடியிருக்கிறது. கூட்டை நான் குருவிக்குக் கொடுக்க முடியாது. குருவி தேர்ந்தெடுத்த இடத்தைக் கெடுக்காமல் இருக்க முடியும். அவ்வளவுதான் என் வேலை என்று அப்போது புரிந்தது.

பெண் வெளியே போன நேரம் பார்த்து ஒரே ஒரு தடவை செல்போனைக் குழாயின் வாயில் நீட்டிப் படம் எடுத்தேன். நீலமும் பச்சையும் கலந்த முட்டைகள், மேலே பழுப்புத் தெறிப்பு. அதற்குப் பிறகு கிட்டே போகவில்லை. குஞ்சு பொரித்ததைச் சத்தத்தில் இருந்துதான் தெரிந்துகொண்டேன். அன்று முதல் ஆணும் வேலை பார்த்தது. கம்பளிப்புழு, வெட்டுக்கிளி, ஒரு தடவை குட்டிப் பல்லி. உள்ளே இரை போகும்; வெளியே வரும்போது அலகில் ஒரு வெள்ளைப் பொட்டலம் இருக்கும். குஞ்சின் எச்சம். அதைத் தள்ளிப் போய் விளைக்குள் போட்டுவிட்டுத்தான் அடுத்த இரைக்குப் போகும். சுவரின் முகத்தில் ஒரு கறை கிடையாது.

அந்த வாரம்தான் பெரியப்பா தன் விளையில் ஒரு சாரையைப் பார்த்தார்.

பலாமரத்தடியில் நின்று கீழே பார்த்துப் பேசுவது அவர் வழக்கம். "ஏட்டி, அந்த ஓட்டைய எல்லாம் எப்பம் அடைக்கப்போற?"

"அடைக்கதுக்கு இல்ல பெரியப்பா, வச்சது."

"வச்சது தெரியுமே. பாம்புக்கு வாடகைக்கு விட வச்ச மாதிரில்லா இருக்கு."

"உள்வாயில கம்பிவலை இருக்கு. அந்தப் பக்கம் போவாது."

"இந்தப் பக்கம் வருமில்லா? லீவுக்குப் பேரப்பிள்ளைய பெங்களூர்ல இருந்து வருது. எதாவது ஒண்ணு கைய விட்டுட்டுன்னா?"

அது நியாயமான கேள்வி. எனக்கு நியாயமான கேள்விகள்மேல் கோபம் வராது. கீழ் வரிசைக்கு வெளிவாயிலும் வலை போடுகிறேன், வரும் ஞாயிற்றுக்கிழமையே போடுகிறேன், மேல் வரிசைக்குக் குஞ்சுகள் பறந்த பிறகு போடுகிறேன் என்றேன். தண்ணீரும் போகும், பாம்பும் ஏறாது.

"குஞ்சா? என்ன குஞ்சு?"

சொன்னேன். பெரியப்பா சிரித்தார். "மனுசக்குஞ்சுக்கு மேலயாட்டி ஒனக்குக் குருவிக்குஞ்சு?"

"ரெண்டும் வேணும் பெரியப்பா."

"ஒன்னப் படிக்க வச்சதுதான் தப்பாப் போச்சு."

"நீங்க வைக்கலியே. அப்பால்லா வச்சாவ."

அன்றே மஸ்கட்டில் இருக்கும் அப்பாவுக்குப் புகார் போனது. "அண்ணன் ஒண்ணு சொன்னா காரணம் இருக்கும் மக்கா" என்றார் அப்பா. எனக்கும் காரணம் இருக்கிறது, வரைந்தே அனுப்புகிறேன் என்றேன். நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டார். குரல் தெளிவாகத்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் அது நடந்தது. நான் இராஜாக்கமங்கலத்தில் ஒரு வீட்டின் பெல்ட் கான்கிரீட்டுக்குக் கம்பி சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அழைத்தாள்.

"ஏட்டி, கொத்தனாரக் கூட்டிட்டு வந்தாச்சு. கீழ்வரிசையில பூசிட்டு நிக்காரு."

"நீ என்ன செய்யுக? தடுக்கலியா?"

"நான் எப்பிடிட்டி அவியகிட்டப் பேசுவேன்?"

இதைச் சொல்லியாக வேண்டும். அம்மா இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் பெரியப்பாவோடு நேருக்கு நேர் பேசியதில்லை. கணவனின் அண்ணன். அவர் முன்னால் உட்கார மாட்டாள், பெயர் சொல்ல மாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வது போல் சத்தமாகச் சொல்வாள். அவரும் என்னிடமே பதில் சொல்வார். இருவருக்கும் நடுவில் நான் ஒரு ஜன்னல் மாதிரி. அன்று அந்த ஜன்னல் வேலைக்குப் போயிருந்தது.

"பேசாண்டாம்மா. பேசாம என்ன செய்ய முடியுமோ அதச் செய்யி. நான் வாறேன்" என்று சொல்லிவிட்டு மேஸ்திரியிடம் வேலையை ஒப்படைத்து வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் எனக்குள் ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கீழ் வரிசை முழுவதும் அடைபட்டால், கோடைமழை பெய்தால், ஜல்லியில் நிற்கும் தண்ணீர் மேல் வரிசைக்கு ஏறும். மேல் வரிசையில் தண்ணீர் வரும் குழாயில் குஞ்சுகள் இருக்கின்றன. மேல் வரிசையையும் அடைத்துவிட்டால் அவை சாகத் தண்ணீர்கூடத் தேவையில்லை. வேளிமலைமேல் மேகம் கருப்பாக ஏறிக்கொண்டிருந்தது.

வீட்டுப் பின்பக்கம் வந்ததும் முதலில் சுவரே தெரியவில்லை. சேலைகள் தெரிந்தன. அம்மா தன் சேலைகள், பாவாடைகள், ரவிக்கைகள் எல்லாவற்றையும் அலமாரியில் இருந்து எடுத்து, வாளியில் முக்கி, பிழியாமல்கூடச் சுவரின்மேல் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். மேல் வரிசைக் குழாய் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. கல்யாணப் பட்டுச்சேலை மட்டும் தப்பித்திருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

பெரியப்பா மேலே பலாமரத்தடியில் தென்னையைப் பார்த்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். தம்பி மனைவியின் பாவாடையை அவர் கையால் தொட முடியாது. எடு என்று கொத்தனாரிடம் சொல்லவும் முடியாது, ஏனென்றால் அப்படிச் சொன்னால் அவர் அதைப் பார்த்துவிட்டார் என்றாகிவிடும்.

கொத்தனார் கீழே கவிழ்த்துப்போட்ட சட்டியின்மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். "வா மோளே. நான் ஒண்ணும் தொடல்ல. துணிய எடுன்னும் அண்ணாச்சி சொல்லல்ல, எடுக்காண்டாம்னும் சொல்லல்ல. கலவ காயுது."

"ஒங்க அம்மைட்டச் சொல்லு, துணியக் கொடியில போடணும்னு" என்றார் பெரியப்பா தென்னையிடம்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "கொடி அறுந்து போச்சுன்னு சொல்லு மக்கா."

கொடி எங்கள் எல்லோர் கண்ணுக்கும் நேரே, முழுசாக, காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கொத்தனார் பீடிப் புகையில் இருமினார். அது இருமல் இல்லை.

நான் எதையும் தூது சொல்லவில்லை. ஒரு கம்பித் துண்டை எடுத்துக்கொண்டு கீழ் வரிசைக்குப் போனேன். பூச்சு இன்னும் ஈரம். முதல் குழாயில் குத்தி இழுத்தேன், கலவை கட்டியாக விழுந்தது. அடுத்தது. அடுத்தது.

"ஏட்டி! என்ன செய்யுக? காசு குடுத்து வச்ச பணி அது!"

"எங்க செவருல்லா பெரியப்பா."

"செவரு தாங்குக மண்ணு எனக்கதாக்கும்!"

"அதனாலதான் சொல்லுகேன். செவரு விழுந்தா ஒங்க விளைதான் மொதல்ல எங்க வீட்டுமேல வரும். போன தடவ வந்துல்லா."

பெரியப்பா மறுபடியும் தென்னைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. கடைசிக் குழாயைக் குத்தி முடித்து நிமிர்ந்தபோதுதான் டிஷ் கம்பத்தைப் பார்த்தேன். ஆண் அங்கே இருந்தது. அலகில் ஒரு புழு. கொடியில் பெண், அதன் அலகிலும் எதுவோ பச்சையாக. இரண்டும் வாலை அடித்து அடித்துக் கரகரவென்று கத்தின. அந்தக் கத்தலுக்கும் பாட்டுக்கும் ஒரே தொண்டை என்று நம்பவே முடியாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவின் சேலைகள் கொத்தனாரை மட்டும் தடுக்கவில்லை. நான் வந்ததில் இருந்து ஒரு பறவையும் குழாய்க்குள் போகவில்லை. கூடு இருந்த குழாயின் பக்கம் காதை வைத்தேன். உள்ளே சத்தம் இருந்தது, ஆனால் வழக்கமான கூச்சல் இல்லை. மெல்லிய, நூல் அறுவது போன்ற ஒரு சத்தம்.

துணி இருந்தால் குஞ்சு பசியில் போகும். துணியை எடுத்தால் கலவைச் சட்டி தயாராக இருக்கிறது. அம்மா கதவிடுக்கில் இருந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்; கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பலாக்கிளை நிழலில் இருந்த சேலையை எடுத்தேன். ஈரத்தோடு தோளில் போட்டுக்கொண்டு குழாயின் பக்கத்தில் முதுகைச் சுவரில் வைத்து நின்றேன். "துணிய எடுத்தாச்சு பெரியப்பா. இந்தக் கொழாயிலதான் குஞ்சு இருக்கு, உசிரோட. அடைக்கணும்னா கொத்தனாரிட்ட நீங்களே சொல்லுங்க. நான் கேட்டுட்டு நிக்கேன்."

கொத்தனார் பீடியை அணைத்தார். "குஞ்சு இருக்கா? அத எங்கிட்டச் சொல்லலியே அண்ணாச்சி. உசிர உள்ள வச்சுப் பூசுக பணி எனக்கு வேண்டாம், கேட்டேளா." அவர் கரண்டியைக் கழுவ எழுந்துவிட்டார்.

"எல்லாருமாச் சேந்து நாடகமா போடுகியோ?" என்றார் பெரியப்பா. ஆனால் போகவில்லை. அங்கேயே நின்றார். நானும் நின்றேன். நான் போனால் அவர் வேறு ஆளை அழைப்பார் என்று நான் நினைத்தேன். அவர் போனால் நான் ஜெயித்ததாகிவிடும் என்று அவர் நினைத்திருப்பார். எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு பறவைகள் கம்பத்திலும் கொடியிலும் மாறி மாறி உட்கார்ந்தன. ஆள் நிற்கும்வரை அவை இறங்காது. அதை மற்ற யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கால் நகரவில்லை.

அம்மா கதவைத் திறந்து வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல், வாளியை எடுத்துக்கொண்டே, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். "கட்டங்காப்பி போட்டாச்சு. முன்பக்கம் வச்சிருக்கு. மேல நிக்கவியளுக்கும் சேத்துத்தான் போட்டிருக்கு."

அவள் கொடுத்த காப்பியைப் பெரியப்பா இதுவரை ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை. வேண்டாம் என்றால் அது வேறு சண்டை. தலைமுறைக்கும் நிற்கும் சண்டை. கொஞ்ச நேரம் தென்னையைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கவழியாக முன்பக்கம் இறங்கி வந்தார். அதன்பிறகுதான் நானும் சுவரை விட்டு வந்தேன்.

முன்னறையில் பெரியப்பா நாற்காலியில், கொத்தனார் படியில், நான் கதவில் சாய்ந்து. காப்பியை உறிஞ்சும் சத்தம் மட்டும். பாதி டம்ளர் போயிருக்கும். அடுக்களை ஜன்னல் வழியாகக் கூச்சல் கேட்டது. நாலைந்து தொண்டைகள் ஒன்றாக, கடித்துக் குதறுகிற மாதிரி, நான் முன்னால் நான் முன்னால் என்று. நின்றது. மறுபடியும் எழுந்தது. இரண்டாவது பறவையும் இறங்கியிருந்தது.

கொத்தனார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பெரியப்பாவுக்கும் கேட்டிருக்கும். அவர் காது நன்றாகக் கேட்கும்.

"மழைக்கு முன்ன அடச்சிரணும்" என்றார் டம்ளரைப் பார்த்து.

"அடைக்க மாட்டேன் பெரியப்பா."

"அப்பம் நீ சொன்ன மாதிரி வலையாவது போடு."

"கீழ்வரிசைக்கு நாளைக்கே போடுகேன். பிள்ளைய கைய விடாது. மேல்வரிசைக்குப் போட மாட்டேன்."

"குஞ்சு போன பொறவு போடுகேன்னுல்லா சொன்ன?"

"சொன்னேன். அதுக்குப் பொறவுதான நான் இல்லாத நேரம் பாத்துக் கொத்தனாரக் கூட்டிட்டு வந்தியோ. இப்பம் அந்தப் பேச்சு இல்ல."

அவர் டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தார். காப்பி மீதம் இல்லை. "பாம்பு வந்தா ஒன் தலையிலதான்" என்றார்.

"சரி" என்றேன்.

சாயங்காலம் மழை பெய்தது. கீழ் வரிசையில் எல்லாக் குழாயும் ஓடியது. மேல் வரிசை சொட்டவில்லை. குஞ்சுகள் பறந்ததை நான் பார்க்கவில்லை, சைட்டில் இருந்தேன். கடைசிக் குஞ்சு குழாயின் வாயிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தது என்றும், தகப்பன் அங்குமிங்கும் பறந்து திட்டிக்கொண்டிருந்தது என்றும் அம்மா சொன்னாள். பேரப்பிள்ளைகள் வந்தார்கள், மேலே விளையோரம் கம்பிவேலிக்குப் பின்னால் நின்றார்கள். அந்த வேலியைப் பெரியப்பா தன் செலவில் போட்டார். நல்ல வேலி. அதை நான் அவரிடம் சொன்னேன்.

வைகாசியில் பெண் மறுபடியும் வீடு பார்க்க வந்தது. பழைய குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு அடுத்ததில் நுழைந்தது. நாரோடு அது திரும்பி வரும்போது பலாமரத்தடியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏட்டி, இதையும் அடைக்க மாட்டியா?"

"மாட்டேன் பெரியப்பா" என்றேன், துணியைக் கொடியில் போட்டபடி.